மதராஸி மடங்கு

மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் செம்பு வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியும் பம்பாயில் செம்பு சுலபமாகக் கிடைக்கவில்லை. அரிசி, மண்ணெண்ணெய், துணி போல அதற்கும் அளவு வைத்திருந்தார்கள். என் அண்ணா வேலை பார்த்த மின்சாரக் கம்பெனிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு வரும். அந்தச் செம்பை வைத்துக்கொண்டு, மாட்டுங்காவுக்கு வடக்கே விளக்கில்லாத இடங்களில் அதிகபட்சம் எத்தனை வீடுகளுக்கு விளக்குப் போடலாம் என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை.

அவருக்கு முன்னால் இதற்குக் கம்பெனியில் கணக்கு எதுவும் கிடையாது. யார் முதலில் மனுப் போட்டார்களோ, யாருக்கு மேலே ஆள் தெரியுமோ, அவர்கள் தெருவுக்குக் கம்பி போகும். அண்ணா கணிதம் படித்துவிட்டு எஞ்சினியரிங் படித்தவர். வரைபடத்தில் வீட்டுக் கூட்டங்களைப் புள்ளிகளாக வைத்தார். எல்லாவற்றிலும் நெருக்கமான இரண்டு புள்ளிகளை முதலில் இணைப்பார். பிறகு அடுத்த குறைந்த தூரம், அதற்கடுத்தது. வேறு வழியாக ஏற்கெனவே சேர்ந்துவிட்ட புள்ளிகளை மறுபடி இணைக்க மாட்டார். வளையம் விழுந்தால் அதில் ஒரு கம்பி வீண் என்பார். கடைசியில் இலையில்லாத மரம் மாதிரி கிளைகள் மட்டும் நிற்கும். புதுப் புள்ளி எதுவும் சேர்க்காமல் அதைவிடக் குறைந்த நீளத்தில் அத்தனை புள்ளிகளையும் சேர்க்க யாராலும் முடியாது என்பதற்கு அவரிடம் நிரூபணம் இருந்தது.

அதன் பிறகு தடிமன். ஒரு கிளை வழியாக எவ்வளவு மின்சாரம் போகுமோ அதற்கேற்ற தடிமன் அந்தக் கம்பிக்கு வேண்டும். மெல்லியதாகப் போட்டால் கடைசி வீட்டில் விளக்கு மங்கும். தடிமனாகப் போட்டால் செம்பு வீண். அந்தச் செம்பில் இன்னொரு தெருவுக்கு விளக்கு வந்திருக்கும்.

"நீ ஆபீஸ்ல பண்றதுதான்டா இது," என்பார் என்னிடம். நான் கோட்டைப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். பிறர் எழுதியதைச் சுருக்குவது என் வேலை. "சேதி கொறையாம வார்த்தையைக் கொறைக்கறேல்லியா? நான் வெளக்கு கொறையாம செம்பைக் கொறைக்கறேன்."

தடிமனைக் கணக்கிட, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. வீட்டுக்காரர்களையே கேட்பது. கம்பெனி ஒரு ஃபாரம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தது.

முதல் பரிசோதனைக்கு அண்ணா எடுத்துக்கொண்டது செம்பூரில் நாங்கள் இருந்த காலனியை. மாட்டுங்காவில் இடம் போதாமல் அங்கிருந்து மின்விசிறியும் ரேடியோவுமாகப் பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். பெரும்பாலும் பாலக்காடு, தஞ்சாவூர்ப் பக்கம். ரயில்வே, வங்கி, தணிக்கை அலுவலகம் என்று எல்லாருமே கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஒரு பார்சிக்காரர். அலுவலகத்தில் அவரைச் சீஃப் என்பார்கள். இந்தக் காலனியில் கணக்குச் சரியாக வந்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு முழுவதையும் அண்ணாவின் முறைப்படியே பிரித்துக் கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

ஃபாரம் வந்த வாரம் காலனியின் செக்ரட்டரி மாமா படிக்கட்டில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் பேசினார். ரயில்வே தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"பார்த்து எழுதுங்கோ. இன்னிக்கு எத்தனை பல்புன்னு கேப்பான். நாளைக்கு, இத்தனை பல்பு எரிக்கறவனுக்கு என்ன வருமானம்னு கேப்பான். ரெண்டுன்னு போட்டுட்டு கையெழுத்துப் போடுங்கோ. ஃபேன் கெடையவே கெடையாது."

நான் இதைக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. அதே வீடுகளின் ரேஷன் கார்டுகளில் எப்போதோ பாலக்காட்டுக்குத் திரும்பிப் போய்விட்ட அத்தைகளும் ஓரிரு இடங்களில் காலமாகிவிட்ட மாமாக்களும் இன்னும் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் எண்ணுக்கும் வீட்டுக்குள் இருக்கும் எண்ணுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

சில நாள் கழித்து அண்ணா ரயிலில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மன்னி நம்மாத்து ஃபாரத்துல ரெண்டு பல்புன்னு எழுதிக் குடுத்திருக்கா. நான் திருத்தி உள்ளபடி போட்டுட்டேன். அவளுக்கு எதைக் கேட்டாலும் பாதிதான் சொல்ல வரும். கல்யாணத்தும்போது வயசையும் அப்படித்தான் சொன்னா."

"மத்தவா ஃபாரம்?"

"மத்தவாளுக்கு என்ன? கணக்குப் பாக்கறவா. எண்ணத் தெரியாதா?"

எங்கள் வீட்டு ஃபாரத்தை மட்டும் திருத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அவர் நம்பினார். ஊரார் தன் மனைவியைவிட உண்மை பேசுவார்கள் என்று நம்பிய ஒரே கணவர் அவராகத்தான் இருப்பார்.

மழைக்காலத்துக்கு முன் கம்பி இழுத்தார்கள். விளக்கு எரிந்தது. பழைய வழக்கப்படி போட்டிருந்தால் ஆகியிருக்கும் செம்பைவிட வெகுவாகக் குறைந்த செம்பில் வேலை முடிந்தது. சீஃப் அண்ணாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாராம். அந்த அறையில் உட்காரச் சொல்வது வழக்கமில்லை.

ஃபாரங்கள் வருவதற்கு முன்பே, கம்பி நீளத்தை வைத்து அடுத்த ஆண்டுக்கு உத்தேசப் பட்டியல் தயாராயிற்று. ஒரு வீட்டுக்கு எவ்வளவு செம்பு என்று ஒவ்வொரு கிளைக்கும் கணக்கிட்டு, குறைவானது முதலில் என்று வரிசைப்படுத்துவார். ஒதுக்கீடு எந்த இடத்தில் தீர்கிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு விளக்கு. கீழே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். முதலிடத்தில் வந்தது தாராவியில் ஒரு சந்து. வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றதால் அங்கே கம்பி நீளம் மிகக் குறைவு. மான்குர்த்தும் டிராம்பேப் பக்கமும் வெகு கீழே இருந்தன.

அந்தச் சந்துக்காக மனுப் போட்டிருந்தவர் திருநெல்வேலிக்காரர். தோல் பெட்டி தைக்கும் கொட்டகை வைத்திருந்தார். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபாரங்களை நிரப்ப அண்ணா அங்கே போனார். அந்தச் சந்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் என்னையும் அழைத்துப் போனார்.

தகரக் கூரை, கீழே பாயில் உட்கார்ந்து ஊசி குத்திக்கொண்டிருந்த ஆட்கள், ஊறவைத்த தோலின் வாடை. தைத்து முடித்த பெட்டிகள் மூலையில் மூடி திறந்து அடுக்கியிருந்தன. மேஸ்திரி தேநீர் வரவழைக்கட்டுமா என்றார். அண்ணா, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்றார். மேஸ்திரி வற்புறுத்தவில்லை. எங்கள் மாதிரி ஆட்களை அவருக்குப் பழக்கம்.

"பொழுது சாஞ்சா வேலை இல்ல சார்," என்றார். "சிம்னி வெளக்குல தச்சா தையல் கோணுது. மார்க்கெட்ல சேட்டு தூக்கி வீசுதான். ரேஷன் எண்ணெயும் பாதி மாசத்துல காலி. குர்லாவுல கொட்டகைக்கெல்லாம் கரண்டு பத்தி வந்துட்டு. எங்கிட்ட தச்சவன் ஒவ்வொருத்தனா அங்க போயிட்டான். வர்ற வருசம் எனக்கும் லைன் வரலேன்னா, இதப் பூட்டிப் போட்டுட்டு நானும் அங்க கூலிக்குப் போவணும். அவ்வளவுதான்."

"வரும்," என்றார் அண்ணா. "பட்டியல்ல நீங்கதான் முதல்ல."

வெளியே பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று எழுதினேன்.

"எத்தனை பல்பு?"

"ஒண்ணு. ஒரு ஃபேனும் போட்டுக்கிடுங்க."

"ஃபேன் இருக்கா?"

"வாங்குவோம்லா. அந்த வீட்டுக்கு எழுதியிருக்கீகள்லா, எங்களுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சன?"

அடுத்த வீட்டுக்காரி இரண்டு மின்விசிறி என்றாள். ஒரே அறைதானே என்றேன்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க மாமியாருக்கு. ஒரே காத்து ரெண்டு பேருக்கும் ஒத்துக்கிடாது சார்."

"ஏட்டி, கரண்டே வரல, அதுக்குள்ள காத்துக்குச் சண்டையா?" என்றார் மேஸ்திரி. சந்து முழுக்கச் சிரித்தது. உள்ளேயிருந்து மாமியார், "எனக்கு மூலையில போடச் சொல்லு. தலைமாட்டுல வேண்டாம்," என்று குரல் கொடுத்தாள்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "சொல்றதை எழுதிக்கோடா. கூட இருந்தா கம்பி கொஞ்சம் தடியா வரும், நல்லதுதான். எப்படி எழுதினாலும் இவா கோட்டுக்கு மேலதான் இருப்பா."

செம்பூரில் இருப்பதை மறைத்தார்கள். தாராவியில் இல்லாததைச் சேர்த்தார்கள். முதல் ஆட்களுக்கு அந்த ஃபாரம் ஒரு விசாரணை. இரண்டாவது ஆட்களை அதற்கு முன்னால் யாரும் எதற்காகவும் வாசலில் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை.

நவராத்திரி வந்தது. புது வீடு, புது விளக்கு என்பதால் காலனியில் அந்த ஆண்டு கொலு அமர்க்களம். படிகளைச் சுற்றிச் சின்னச் சின்ன வண்ண பல்புகள், கொலுவுக்கு முன்னால் மண்ணில் போட்ட பொம்மைப் பூங்காவுக்கு ஒரு விளக்கு, வாசல் கோலத்துக்கு ஒரு விளக்கு. வரும் பெண்களுக்குக் காற்று வேண்டும் என்று மின்விசிறி. வெள்ளிக்கிழமை மாலை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டார்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு மாமி பாடிக்கொண்டிருந்தார். பல்பு மஞ்சளாயிற்று, ஆரஞ்சாயிற்று, பிறகு அணையப் போகும் கரித்துண்டு போல உள்ளே கம்பி மட்டும் சிவந்து தெரிந்தது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ண முடிந்தது. அடுத்த வீட்டு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். மாமி மட்டும் பாட்டை முடித்தார்.

பத்து நிமிஷத்தில் வாசலில் ஆண்கள் நின்றார்கள்.

"என்ன ஓய், உம்ம கணக்கு எரியவே மாட்டேங்கறதே!"

"செம்பை மிச்சம் பிடிச்சு பார்சிக்காரனுக்குக் குடுத்துட்டு நம்மளை இருட்டுல உக்கார வச்சுட்டார்."

"எங்காத்துப் பெருமாள் முகம் தெரியலை. சுண்டல்ல கல் இருந்தாலும் தெரியாது."

அண்ணா அம்மீட்டரை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மர் அறைக்குப் போனார். திரும்பி வந்து, வாசலில் நின்றவர்களைக் கடந்தார். நேராகச் செக்ரட்டரி மாமா வீட்டுக்குள் போய், கொலுவின் முன் நின்று பார்த்தார். நாங்களும் பின்னால் போனோம். ஏழு படிகளையும் சுற்றி மாலை மாலையாகச் சிவந்த பல்புகள்.

"மாமா, ஃபாரத்துல ரெண்டு பல்புன்னு எழுதியிருக்கேளே."

"ஆமாம். அது எரிக்கற பல்பு. இது கொலு பல்பு. சுவாமி காரியத்தை எல்லாமா கணக்குல சேப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு சிரித்தார். நான் முகங்களைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட களை இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது பொய் இல்லை, விவரமாக நடந்துகொள்வது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். அன்றைக்கு முதல் தடவையாக அந்தச் சிரிப்பை வெளியிலிருந்து கேட்டேன்.

சீஃப் விளக்கம் கேட்டார். அண்ணா எழுதிக் கொடுத்தார். கம்பி அமைப்பில் பிழை இல்லை, வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த எண் பிழை; உண்மையான மின்தேவை எழுதிக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. அளந்து பார்த்த எண்களையும் வைத்தார். தன் முறையைக் காப்பாற்ற அது நியாயமான வாதம். சீஃப் அதைப் படித்துவிட்டு, முறை சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, இனி மதராஸிகள் இருக்கும் பகுதிகளில் எழுதிக் கொடுத்த தேவையை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு எழுதினார்.

வரைவுப் பிரிவில் அதற்குப் பெயர் வைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. மதராஸி மடங்கு. அண்ணாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த குஜராத்திக்காரர் அவர் கடியாரத்தைப் பார்த்து மணி கேட்டுவிட்டு, "இரண்டால் பெருக்கிக்கொள்ளட்டுமா?" என்றாராம். மதிய உணவின்போது யாரோ அண்ணாவின் டப்பாவைத் திறந்து பார்த்து, "இவ்வளவுதானா, இல்லை இன்னொரு டப்பா ஒளித்து வைத்திருக்கிறாயா?" என்றாராம். அண்ணா இதையெல்லாம் ரயிலில் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காலனிக்கு வேறு கம்பி இழுத்தார்கள், தடித்த கம்பி. முதலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகச் செம்பு அதில் போயிற்று. அது அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து வந்தது. செக்ரட்டரி மாமா, "கேட்டாத்தான் கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் ப்ரூஃப் திருத்தினேன். மிக நல்ல வெளிச்சம்.

தாராவிப் பட்டியலை அண்ணா மறுபடி போட்டார். ஃபாரத்தில் ஏற்கெனவே இல்லாத மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அவற்றை இரண்டால் பெருக்க வேண்டும். எங்கள் பொய்யும் அவர்கள் ஆசையும் ஒன்றோடொன்று பெருகிக் கம்பி கைவிரல் தடிமனுக்கு வந்தது. ஒதுக்கீடும் குறைந்திருந்தது. முதலிடத்தில் இருந்த சந்து கோட்டுக்குக் கீழே போயிற்று.

அண்ணா சீஃபிடம் போய், தாராவிக்காரர்கள் குறைத்து எழுதவில்லை, கூட்டித்தான் எழுதியிருக்கிறார்கள், நேரில் இருந்து பார்த்தேன் என்றார். அவர்கள் மதராஸிகளா இல்லையா என்று கேட்டார் சீஃப். ஆம், ஆனால் வேறு ஊர், வேறு ஜனங்கள் என்றார் அண்ணா. எந்த மதராஸி உண்மை சொல்வான், எந்த மதராஸி சொல்ல மாட்டான் என்று எனக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடு, வைத்துக்கொள்கிறேன் என்றார் சீஃப். கெட்ட மனிதர் இல்லை. ஒரு முறை கம்பி மாற்றியது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதைச் செய்தியாக எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தலைப்புகளை மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். எப்படி மாற்றி வைத்தாலும் எங்கள் காலனிதான் தலைப்பில் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அண்ணா ஒரு வழி கண்டுபிடித்தார். சமன்பாட்டில் இரண்டு என்ற எண்ணை மாற்ற முடியாவிட்டால் அதற்குள் போகும் எண்ணை மாற்றலாம். சந்தின் உண்மையான தேவை எவ்வளவோ அதில் பாதியை அவர்கள் எழுதிக் கொடுத்தால், பெருக்கி வரும்போது சரியான தேவை வந்துவிடும். கம்பி சரியான தடிமனில் இருக்கும். கிளை கோட்டுக்கு மேலே ஏறிவிடும்.

"அப்போ அவாளைப் பொய் சொல்லச் சொல்லணும்," என்றேன்.

"ஆமாம்," என்றார். "சொல்லித்தான் ஆகணும்."

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேஸ்திரியின் கொட்டகையில் பாய்களில் இரண்டு காலியாக இருந்தன. அண்ணா எல்லாவற்றையும் விளக்கினார். மேஸ்திரி ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப, உள்ளதச் சொன்னா லைன் வராது. பாதியாப் பொய் சொன்னாத்தான் உள்ளதே வரும். அப்படித்தான சார்?"

"அப்படித்தான்."

"யாரு சார் இப்படி ஒரு கணக்கு வச்சது?"

"நான்தான்," என்றார் அண்ணா.

மேஸ்திரி எழுந்தார். "வாங்க, போயி எழுதுன ஃபேனையெல்லாம் அடிச்சிட்டு வருவோம்."

வீடு வீடாகப் போனோம். சென்ற முறை நான் எழுதிய மின்விசிறிகளை நானே கேட்டுத் திரும்ப வாங்கினேன். மாமியாருக்கும் சேர்த்து எழுதச் சொன்ன பெண், "அத்தைக்கு எழுதுனத அடிச்சிருங்க," என்றாள். உங்களுடையதையும் அடிக்க வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊருக்குக் கடுதாசி போட்டாச்சு சார், ஃபேன் வரப்போகுதுன்னு. இப்ப இல்லேன்னா சிரிக்க மாட்டாகளா?"

"லைட்டு வந்தப்புறம் ஃபேன் வாங்கிக்கலாம்மா. ஃபாரத்துல மட்டும்தான் இல்லைன்னு."

"இல்லாதப்ப இருக்குன்னு எழுதுனீக. இருந்தா இல்லேன்னு எழுதணுமாக்கும்?"

மேஸ்திரிதான் அதட்டினார். "ஏட்டி, படிச்சவுக சொன்னா எதுக்காவது இருக்கும். கைநாட்டு வையி." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போட்டுருங்க சார். ரெண்டு வீட்டுக்கு ஒரு பல்பு. பொய்யும் ஒழுங்கா இருக்கணும்லா."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் சொன்னார். அவள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். நான் தாளை வாங்கிக் கோப்பில் செருகினேன்.

புதிய ஃபாரங்களோடு அண்ணா சீஃபின் அறைக்குப் போனார். சீஃப் பழைய கட்டைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேறு ஜனங்கள் என்று சொன்னாயே, சில மாதத்துக்குள் இவர்களுடைய மின்விசிறியெல்லாம் எங்கே பறந்து போயிற்று என்று கேட்டார். உன் ஆட்கள் எனக்குச் சந்தேகமே வைக்கவில்லை, இரண்டை மூன்றாக்க வேண்டியதுதான் என்றார்.

அண்ணா அப்போதும் மழுப்பவில்லை. அவர்களைக் குறைத்து எழுதச் சொன்னது நான்தான் என்றார். ஏன் என்று காரணமும் சொன்னார்.

சீஃப் இரண்டு கட்டுகளையும் மூடி ஓரமாக வைத்தாராம். பிறகு, அப்படியானால் அந்த மடங்கு உனக்கும் பொருந்துகிறது, இனி நீ கொடுக்கும் எண்களை இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்வேன் என்றாராம். உட்காரச் சொல்லவில்லை.

அண்ணா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மன்னி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை அப்படியே வைத்துவிட்டு, "நானும் ரெண்டுன்னுதானே எழுதினேன்," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அண்ணா, "நீ எழுதினது கணக்குல சேரலை. நான் அடிச்சுட்டேன்," என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது. காலனியில் உண்மை சொன்ன ஒரே வீடு எங்களுடையது. அதுவும் அவள் கையெழுத்தின் மேல் திருத்தி எழுதியது.

மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு கார்டு போடலாம் என்றேன். "கைநாட்டை நேர்ல போயி வாங்கினோம்," என்றார் அண்ணா. அலுவலகம் விட்டதும் மாட்டுங்காவில் இறங்கி நடந்தோம். சந்துக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கொட்டகை வாசலில், எஞ்சிய வெளிச்சத்துக்காகத் தலையை வெளியே நீட்டி உட்கார்ந்து இரண்டு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எங்களைக் கண்டதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் துண்டைப் போட்டு உட்காரச் சொன்னார்.

அண்ணா நின்றுகொண்டே சொன்னார். லைன் வராது. இந்த வருஷம் இல்லை, எப்போது என்று சொல்லவும் தெரியாது.

தைத்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. மேஸ்திரி அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க மேலதான் தப்பு சார். இல்லாத ஃபேனுக்கு ஆசப்பட்டோம். முதல்லயே ஒழுங்கா ஒரு பல்புன்னு சொல்லியிருந்தா, கூட்டிக் கொறச்சுன்னு இந்த வம்பே வந்திருக்காது. பொம்பளைகளுக்கு அன்னைக்கே நாலு போட்டிருக்கணும்."

"இல்லை," என்றார் அண்ணா. "நீங்க சொன்னதால ஒண்ணும் ஆகலை." செம்பூர்க் காலனியைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். ஃபாரம், இரண்டு பல்பு, கொலு, மறுபடி இழுத்த தடித்த கம்பி, அந்தச் செம்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது வரைக்கும். நாங்கள் குடியிருப்பது அங்கேதான் என்பதையும் சொன்னார். அவர் அறிக்கை வாசிப்பதுபோல ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நடுவில் நிறுத்திவிட மாட்டாரா என்று நினைத்தேன்.

அண்ணா முடித்ததும் மேஸ்திரி ஒன்றுதான் கேட்டார்.

"அங்க இப்ப எரியுதா சார்?"

"எரியறது."

"நல்லா?"

அண்ணா தலையை மட்டும் ஆட்டினார்.

மேஸ்திரி சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூலைச் சுற்றி ஒரு தகர டப்பாவில் போட்டார். வாசலில் இருந்தவர்களிடம், "ஏல, சுருட்டுங்க. கைல உள்ளத நாளைக்கு முடிச்சிக் குடுத்துருவோம். திங்கக்கெழம குர்லாவுல சேட்டப் பாத்து நம்ம மூணு பேருக்கும் எடம் கேக்கேன்," என்றார். அவர்களில் மூத்தவர், "அங்க போனா நீரும் எங்கள மாதிரி பாயிலதான உக்காரணும், மேஸ்திரி?" என்றார். "ஆமா, பின்ன மடியிலயா ஏத்தி வைப்பான்?" என்றார் மேஸ்திரி. அவர்கள் சிரித்தார்கள். எங்களுக்காகச் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் விடைபெற்றுக் கிளம்பினோம். சந்தில் இருட்டு கட்டியிருந்தது. நடுவில் திறந்த சாக்கடை. அண்ணா சுவரைத் தடவிக்கொண்டு நாலடி வைத்திருப்பார், பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. மேஸ்திரி ஒரு லாந்தரை ஏற்றிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. முன்னால் நடந்து, சாக்கடை திரும்பும் இடங்களில் லாந்தரைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டு, பெரிய சாலை வரைக்கும் வந்தார். அங்கே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பாத்துப் போங்க சார்," என்று சொல்லிவிட்டுத் திரியை இறக்கி ஊதி அணைத்தார்.

"அணைச்சுட்டேளே, எப்படித் திரும்பிப் போவேள்?" என்றார் அண்ணா.

"எனக்கு எதுக்கு சார்? நான் தடம் பழகுனவன். இது உங்களுக்குக் கொண்டாந்தது."

சூடான லாந்தரைக் கையில் தள்ளிப் பிடித்தபடி சந்துக்குள் போனார். நாங்கள் விளக்குக் கம்பத்தின் கீழே நின்றுகொண்டிருந்தோம். அண்ணா நகரவில்லை. செம்பூர் பஸ் ஒன்று வந்து நின்று, எங்களுக்காகக் கொஞ்சம் தாமதித்து, பிறகு போயிற்று.